மூக்கைக் கூட்டிய அக்கா

"மேலே எது நல்ல இடம்?" என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்பார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பார்கள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் குடை, கழுத்தில் கேமரா, வாயில் பாதி பிஸ்கட், இத்தனையையும் சமாளித்துக்கொண்டு கேட்பார்கள். ஒரு நாள் பயணமாக வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் நின்று பார்க்க நேரம் ஏது? எது சிறந்ததோ அதைப் பார்த்து, படம் எடுத்து, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். பதினொரு வருடமாக அந்தக் கோட்டை வாசலில் டிக்கெட் கிழித்தவன் நான். "மூக்குக்குப் போங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது. இப்போது யாரையும் எங்கேயும் போகச் சொல்வதில்லை. கேட்டால், இங்கேயே நின்று அண்ணாந்து பாருங்கள் என்கிறேன். பார்த்தால், கோட்டைச் சுவரில் மூக்கு இருந்த இடம் மட்டும் வெளிறிப்போய்த் தெரியும்.

அந்த மூக்கைப் பத்தொன்பது வருடம் கூட்டியவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து எனக்கு வேலை இல்லை. ஆனால் அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

அவருக்கு நாங்கள் வைத்த பேர் சுத்தக்கா. குப்பை என்றால் அவருக்கு ஆகாது. ஒருமுறை அதிகாரி காரிலிருந்து இறங்கி ஒரு காகிதத்தைக் கசக்கிப் போட்டார். அக்கா அதை எடுத்து, நீவி, மடித்து, "உங்களது விழுந்துடுச்சு சார்" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அதிகாரி அசடு வழிய வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று நாங்கள் மறைவாக நின்று சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு வருவார். தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீளப் பிடி போட்ட துடைப்பத்தைத் தோளில் சாய்த்து, இருநூற்றுப் பன்னிரண்டு படியையும் மூச்சு வாங்காமல் ஏறுவார். அவருக்கு ஒரு முறை உண்டு. எந்த இடத்தைக் கூட்டினாலும் கோடிக்குப் போய் அங்கிருந்து வாசலை நோக்கித்தான் கூட்டிக்கொண்டு வருவார். வாசலிலிருந்து ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "கூட்டின எடத்தையே மிதிச்சுக்கிட்டு திரும்பி வர்றதுக்கு எதுக்குக் கூட்டணும்?" என்பார்.

கோட்டையில் பார்க்க வேண்டிய இடம் மூன்று. ஏரி தெரிகிற ஜன்னல், பீரங்கி மேடை, மூக்கு. இந்த மூன்றுக்கும் அக்கா ஒரு கணிப்பு வைத்திருந்தார். எல்லாம் குப்பையை வைத்துத்தான்.

"ஏரி ஜன்னல்ல மிட்டாய்க் காகிதம், தம்பி. பொடிப் பொடியா கிழிச்சுப் போட்டிருக்கும். ஜோடியா வர்றவங்க பேச்சு வராம கையில இருக்கறத கிழிச்சுக்கிட்டே நிப்பாங்க. பீரங்கி மேடையில ஐஸ் குச்சி. பசங்க. மூக்குல குப்பையே விழாது. ஒரு தொப்பி, ஒரு ஊக்கு, ஒத்தச் செருப்பு, அவ்வளவுதான். அங்க போனா வாயத் தொறந்தது தொறந்தபடி நிப்பாங்க. திங்கறதே மறந்துடும். அப்ப எது நல்ல இடம்னு நீயே சொல்லு."

மூக்கு என்பது கோட்டைச் சுவரிலிருந்து பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொத்தளம். பழைய காலத்தில் காவல்காரர்கள் நிற்பதற்காகக் கட்டியது. மூன்று பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், கீழே வெறும் காற்று. ஆறு வளைந்து போவதும், ஊரும், பாலமும், தூரத்தில் மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக மங்குவதும் அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும் என்பார்கள். என்பார்கள் என்றுதான் நான் சொல்ல முடியும். நான் ஏறியது வேலையில் சேர்ந்த வாரம் ஒரே ஒரு முறை. அன்று மூடுபனி. அதற்கப்புறம் காட்சியை விற்றேனே தவிரப் பார்த்ததில்லை.

அக்கா பார்ப்பாரா என்று ஒருநாள் கேட்டேன்.

"கூட்டறப்ப தரையத்தானே பாக்கணும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முடிச்சதும் ஒரு நிமிஷம் நிப்பேன். அப்ப யாரும் இருக்க மாட்டாங்க. தரையும் சுத்தமா இருக்கும். அந்த ஒரு நிமிஷம் அது எனக்கே எழுதி வச்ச மாதிரி இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் கோட்டையின் கொத்தனார். எல்லாருக்கும் மேஸ்திரி. இரண்டு பேரும் சந்தித்ததே ஒரு கட்டட வேலையில். அவர் சுவர் வைக்க, இவர் சாந்து சுமக்க. கலவை பதம் பார்ப்பதில் தன்னைவிட அவள் கெட்டிக்காரி என்று மேஸ்திரியே ஒத்துக்கொள்வார். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே மகள், அவளும் கல்யாணமாகி வெகு தூரத்தில் இருந்தாள். மேஸ்திரிக்கு வயதாகிக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. கண்ணிலும் புரை. முழங்கால் வேறு மக்கர் செய்தது. இனிமேல் இவர் எதற்கு என்ற பேச்சு அலுவலகத்தில் எழுந்தபோதுதான் விரிசல் வந்து அவரைக் காப்பாற்றியது. அப்படித்தான் அப்போது நினைத்தோம்.

மூக்கு கோட்டைச் சுவரோடு சேரும் மூலையில், மழைக்காலம் முடிந்ததும் ஒரு விரிசல் தெரிந்தது. நகம் நுழையும் அகலம். பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். மேஸ்திரியைத் தனியாக அழைத்துப்போய் ஏதோ சொல்லிக் கொடுத்தார். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சுவரில் சாந்து பூசி இறுக்கிவிட வேண்டும். சாந்தில் தேதி எழுத வேண்டும். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும். மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்த அன்றே மூக்கை மூடிவிட்டு அவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். சனிக்கிழமைதோறும் மேஸ்திரி ஏறிப் பார்த்துவிட்டு வந்து பதிவேட்டில் எழுத வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, மேஸ்திரி சனிக்கிழமை படி இறங்கி வந்து என் ஜன்னல் அருகே உட்காருவார், கை நடுங்குவதால் என்னை எழுதச் சொல்வார் என்பதுதான். "கண்ணாடி முழுதாக உள்ளது. அசைவு இல்லை." நான் எழுதுவேன். கண்ணாடி என்றதும் ஏதோ பெட்டியில் பூட்டி வைத்த பெரிய கருவி என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிக்கும் அவசரம்.

மேஸ்திரி வீட்டில் வேலையைப் பற்றிப் பேசும் ஆள் இல்லை. பெண்டாட்டிக்கு அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"அந்த மூலையில ஒரு கண்ணாடி வச்சிருக்கேன். தொடப்பத்தால தட்டிடாத."

எதற்கு வைத்தது என்று சொல்லவில்லை. கட்டட வேலையே தெரிந்தவள், பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று அவர் நினைப்பு. சுவரில் விரிசல், அதன் மேல் ஒரு துண்டு, இரண்டு பக்கமும் சாந்து. அக்காவுக்குப் புரிந்ததோ வேறு. காயத்துக்குக் கட்டுப் போடுவது போல வீட்டுக்காரர் சுவருக்கு ஒரு கட்டுப் போட்டிருக்கிறார். கை நடுங்கினாலும் அவரால் இன்னும் வேலை ஆகும் என்று அலுவலகத்துக்குக் காட்டும் ஒரே சாட்சி அதுதான்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் கண்ணாடி குறுக்கே உடைந்திருந்தது.

துடைப்பம் பட்டுவிட்டது என்றுதான் அவர் முடிவு செய்தார். வேறு என்ன நினைப்பார்? தட்டிவிடாதே என்று சொல்லியிருக்கிறார், தட்டிவிட்டோம். அதைவிடப் பெரிய பயம், அதிகாரி கண்ணில் பட்டால், கிழவர் வைத்தது நாலு மாதம்கூடத் தாங்கவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் கண்ணாடியைக் கழற்றி, அளவாக வெட்டி, கொஞ்சம் சிமெண்டும் மணலும் துணியில் முடிந்து எடுத்து வந்தார். மறுநாள் ஆறு மணிக்கு, உடைந்ததைப் பெயர்த்துவிட்டுப் புதிதை வைத்தார். பழைய தேதியைப் பார்த்து அப்படியே ஆணியால் கீறினார். புதுப் பூச்சு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்று கூட்டிய தூசியை எடுத்து அதன் மேல் தேய்த்தார். மேஸ்திரியின் புரை விழுந்த கண்ணுக்கு அது தன் கைவேலையாகவே தெரிந்தது.

சனிக்கிழமை நான் எழுதினேன். அசைவு இல்லை.

ஆறு வாரத்தில் மறுபடி உடைந்தது. இந்தத் தடவை துடைப்பம் பக்கத்திலேயே போகவில்லை என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். தான் வைத்தது சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். அப்போதுதான் என்னிடம் வந்தார். என் வீட்டுக்குக் கீழே படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை இருக்கிறது.

"தம்பி, அரை சாண் நீளம், ரெண்டு விரல் அகலம், கண்ணாடித் துண்டு கிடைக்குமா?"

"என்னக்கா, பொம்மை வீட்டுக்கு ஜன்னலா?"

"பேரப்புள்ள இருந்தா அதுவும் செய்வேன். வாங்கிட்டு வா."

வாங்கி வந்து கொடுத்தேன். மூன்று வாரத்தில் இன்னொன்று. பிறகு பத்து நாளில் ஒன்று. பிறகு நாலு நாளில். ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். எதற்கு என்று முதல் தடவைக்கு அப்புறம் நான் கேட்கவில்லை. அவர் முகம் வாடிக்கொண்டு வந்ததைக் கவனித்தேன். கவனித்து என்ன? வீட்டில் ஏதாவது பிரச்சினையாக இருக்கும், நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். அப்படி இருந்ததற்கு என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அவர் இன்னொன்றையும் சொல்ல ஆரம்பித்தார். மூக்குக்குப் போகும் நடைபாதையில் தினமும் பொடி விழுகிறது. முதலில் ஒரு கைப்பிடி. பிறகு அரை முறம். பழைய சுண்ணாம்பு, சின்னச் சின்னக் கல்.

"நேத்துக் கூட்டின எடம், தம்பி. இன்னிக்கு அதே அளவு. எங்கேருந்துதான் கொட்டுதோ. சனியன், பாதையே அசிங்கமா இருக்கு."

கூட்டிக்கூட்டி எடுத்தார். அதிகாரி வரும்போதும், மேஸ்திரி வரும்போதும், நடைபாதை பளிங்கு மாதிரி இருந்தது. அந்தக் கோட்டையில் கெட்டது எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடக்க அவர் விட்டதில்லை.

அந்த மூலையில் வருடாவருடம் கூடு கட்டும் சிட்டுகள் அந்த வருடம் வரவில்லை. அதையும் அவர்தான் சொன்னார். எச்சம் கழுவும் வேலை மிச்சம் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. வெள்ளிக்கிழமையே ஜனம் அலைமோதியது. சனிக்கிழமை அதைவிட. அன்று காலை மேஸ்திரி பார்த்துவிட்டு வந்து வழக்கம்போல எழுதச் சொன்னார், எழுதினேன். அக்கா அதற்கு முன்னால் வந்து, இருந்த கடைசித் துண்டையும் போட்டுவிட்டதாகவும் இன்னும் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். இந்தத் தடவை கொஞ்சம் தடிமனாக வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிவிட்டு இறங்கியவர் என் ஜன்னலுக்கு வந்தார்.

"கண்ணாடி கொண்டாந்தியா?"

"கடை மூணு நாளும் பூட்டுக்கா. செவ்வாய்க்கிழமை வாங்கித் தர்றேன்."

அவர் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. போய்விட்டார்.

மத்தியானம் மூன்றரைக்கு மேஸ்திரி வந்தார். ஞாயிறு அவர் வரும் நாள் இல்லை. கூட்டம் அதிகமாக இருக்கிறது, எதற்கும் இன்னொரு தரம் பார்த்துவிடுங்கள் என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். படியேறுவதற்கு முன் காலை நீவிவிட்டுக்கொண்டு என் ஜன்னலடியில் உட்கார்ந்தார். நான் பேச்சுக்குச் சொன்னேன்.

"மேஸ்திரி, அக்கா கேட்ட கண்ணாடி செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும்னு சொல்லிடுங்க. காலையில கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க போல."

"எந்தக் கண்ணாடி?"

"அதான், எப்பவும் வாங்கித் தர்றேனே. அரை சாண், ரெண்டு விரல்."

அவர் நீவுவதை நிறுத்தினார்.

"எப்பவும்னா?"

"நாலு வாங்கித் தந்திருப்பேன். முதல்ல மூணு வாரம் விட்டுக் கேட்டாங்க. அப்புறம் பத்து நாள் ஆச்சு. போன தடவை நாலே நாள்."

அவர் கத்தவில்லை. மெதுவாக எழுந்து ஜன்னலுக்கு நெருங்கி வந்தார். அப்போதுதான், மூன்று வாக்கியத்தில், அந்தக் கண்ணாடி எதற்கு என்று எனக்குச் சொன்னார். டிக்கெட் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பதிவேடு. இருபத்தொன்பது சனிக்கிழமை, என் கையெழுத்து.

"டிக்கெட்ட நிறுத்து. இனி ஒருத்தர் ஏறக்கூடாது. மூக்குல இப்ப எத்தன பேர் இருப்பாங்க?"

"நாப்பது, அம்பது."

"கத்தாத. மணி அடிக்காத. பயந்து ஓடினாங்கன்னா, அந்த ஆட்டத்துலயே போயிடும்."

"நான் ஏறட்டுமா? உங்களுக்குக் கால்..."

"வாசல்ல ஏறுறவங்கள தடுக்க ஆள் வேணும். நீ இங்கயே இரு."

நான் இருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அறுபத்து மூன்று வயது மனிதர், நடுங்கும் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து அந்தப் படிகளில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னலை மூடினேன். வரிசையில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "இவ்ளோ தூரம் வந்திருக்கோம்" என்றார் ஒருவர். யாராவது பெரிய மனிதர் வருகிறாரா என்றார் இன்னொருவர். மிஷின் கெட்டுப்போச்சு என்றேன். டிக்கெட் கையால்தானே கிழிக்கிறீர்கள் என்றாள் ஒரு பெண். வாயை மூடிக்கொண்டு நிற்கிறாயா என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். என் கண் முழுக்கப் படிக்கட்டில்.

மேலே நடந்ததை மேஸ்திரி பிறகு ஒரே ஒரு முறை சொன்னார். திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் மேலே போனபோது அக்கா மூக்குக்குள் நுழையும் வாசலில், அந்த மூலைக்கு முன்னால், முதுகால் சுவரை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாராம். காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார், உடைந்தது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று. விரிசலில் இப்போது விரல் நுழைந்தது. மேஸ்திரி அவரைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு காதோடு சொன்னார்.

"இது விழப்போவுது. கண்ணாடி ஒடையறது அதுக்குத்தான். சுவர் நகந்தா ஒடையும்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார்.

"நான் ஒடைச்சுட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

அதற்கு மேல் அழவோ பேசவோ அவருக்கு நேரம் இல்லை. மூக்கில் நாற்பது பேருக்கு மேல். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, முதுகைக் காட்டி, முகத்தைக் காட்டி, குழந்தையைத் தூக்கிச் சுவர் மேல் உட்காரவைத்து, சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றின் மேல் மஞ்சள் வெயில் விழும் நேரம். எல்லாரும் காத்திருந்து படம் எடுக்கும் நேரம். வெளியே வாருங்கள் என்றால் வர மாட்டார்கள். ஏன் என்று சொன்னால் ஓடுவார்கள்.

மேஸ்திரி உள்ளே போக அடி எடுத்து வைத்தார். அக்கா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க என்ன செய்வீங்க? உங்களுக்குக் கூட்ட வராது. கை ஆடும்."

தலைத்துணியை இறுக்கிக்கொண்டார். பத்தொன்பது வருடமாகச் செய்வதைப் போலவே, துடைப்பத்தையும் முறத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே நுழைந்து, மூக்கின் கோடிக்குப் போனார். அங்கே திரும்பி நின்று கூட்ட ஆரம்பித்தார்.

அதைப்போல அவர் ஒருநாளும் கூட்டியதில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை கூட்டும் தரை, அதில் தூசி ஏது? காலையிலிருந்து உதிர உதிர முறத்தில் பெருக்கி வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியைக் கொட்டி, அதை விசிறி விசிறி அடித்தார். செருப்பில், புதுச் சட்டையில், கேமராவில், குழந்தைகள் தலையில். "தள்ளுங்க. கூட்டணும். தள்ளுங்க. காலத் தூக்குங்க. அங்க போங்க." துடைப்பத்துக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. ராஜாவானாலும் காலைத் தூக்கிக்கொண்டு நகர்வான். மூக்கைப் பொத்திக்கொண்டு, இருமிக்கொண்டு, திட்டிக்கொண்டு, மெதுவாக, ஓடாமல், ஒவ்வொருவராக வாசலை நோக்கி ஒதுங்கினார்கள். மேஸ்திரி அங்கே நின்று படிக்கட்டுப் பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தார்.

கீழே என் முன்னால் அவர்கள் வந்து இறங்கினார்கள். வெள்ளைத் தலை, வெள்ளைப் புருவம், சிவந்த கண். "இங்க என்ன ஆளு வச்சிருக்கீங்க?" "ஜன்மத்துல வர மாட்டோம்." "பைத்தியமா அது?" திட்டிக்கொண்டு இறங்கிய ஒவ்வொருவரையும் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. எண்ணினேன். இருபது. இருபத்தேழு. முப்பத்தாறு. இன்னும் திட்டுங்கள் சாமி, இன்னும் நன்றாகத் திட்டுங்கள் என்றிருந்தது.

அடுத்து வந்தவர் இரண்டு பெண் குழந்தைகளைக் கையில் பிடித்திருந்தார். அவர்களோடு நாற்பத்து நாலு. சின்னவளின் நீல உடுப்பு முழுக்க சுண்ணாம்பு. நாங்கள்தான் கடைசி, எங்களுக்குப் பின்னால் யாருமில்லை, கண்ணுக்கு நேராக அடித்தாள் அந்தப் பொம்பளை என்று என் ஜன்னலில் கையால் தட்டினார். புகார்ப் புத்தகம் கேட்டார்.

யாருமில்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. புத்தகத்தை எடுத்துப் பேனாவையும் கொடுத்தேன். நாற்காலியே கொடுத்தேன். அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பெரியவள் தங்கையின் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

லாரியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். முதலில் கொஞ்சம், பிறகு மொத்தமும். தரை என் காலடியில் ஒருமுறை அதிர்ந்தது. படிக்கட்டு வழியாக வெள்ளைப் புழுதி இறங்கி வந்து எங்கள் எல்லாரையும் மூடியது. சின்னவள் இருமினாள்.

நான் அப்போதுதான் ஏறினேன். பாதி வழியில் மேஸ்திரி இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் துடைப்பம். அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அக்கா கோடியிலிருந்து வாசலை நோக்கிக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசி ஆளுக்கும் பின்னால் அவர். அந்த ஆள் படி இறங்கிய பிறகும், யாராவது விடுபட்டார்களா என்று கோடிவரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு அடி. தரை இறங்கியபோது மேஸ்திரி கை நீட்டினார், எட்டவில்லை. அக்கா துடைப்பத்தின் பிடியை நீட்டினார். மேஸ்திரி அதைப் பிடித்துவிட்டார். கை நடுங்கவில்லை, தம்பி, கெட்டியாப் பிடிச்சேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுமுனையில் அக்கா இல்லை.

விசாரணை நடந்தது. பதிவேட்டை எடுத்துப் போனார்கள். இருபத்தொன்பது சனிக்கிழமையும் அசைவு இல்லை என்று இருந்தது. மேஸ்திரி தலைகுனிந்து நின்றார், நானும் நின்றேன். கண்ணாடி வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அறிக்கையில் அக்காவைப் பற்றி ஒரு வரி வந்தது. துப்புரவுப் பணியாளர் ஒருவர் கண்காணிப்புக் கருவியை அனுமதியின்றி மாற்றியதாக. அது பொய் இல்லை. அன்று இறங்கிய நாற்பத்து நாலு பேரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. யாருக்கும் அடிபடவில்லை அல்லவா, அதனால்.

புகார்ப் புத்தகத்தை அவர்கள் கேட்கவில்லை. அது என் மேஜையில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு, பார்க்க மனசு சங்கடமாக இருக்கும் என்று புது அதிகாரி சொன்னார். முடியாது சார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பக்கத்தில் நீல மையில் இருப்பது இவ்வளவுதான்: "இன்று மாலை நாலரை மணிக்கு மூக்குப் பகுதியில் கூட்டிய பெண் எங்கள் எல்லார் மீதும் வேண்டுமென்றே தூசியை அடித்து, கடைசி ஆள் வெளியே போகும்வரை விடாமல் விரட்டினார். நாங்கள் எவ்வளவு கேட்டும் நிறுத்தவில்லை. இவர் மீது". அதோடு நிற்கிறது.